மாதா வந்த நாட்களின் கணக்கு

மார்ச் 5, சாம்பல் புதன்

எங்கள் வீட்டு முன்னறை, மாலை ஆறரை மணி, எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் செபக் கூட்டம். வந்திருந்தவர்கள்: அடுத்த வீட்டு லூர்து அக்கா, கோயில் பங்கு மருந்தகத்தில் நர்ஸாக இருக்கும் சிஸ்டர் பவுலின், கடைசி வீட்டுச் செல்வராணி, அவள் மடியில் தூங்கிய கைக்குழந்தை, நான். பெரியவர்கள் நான்கு, குழந்தை ஒன்று. வந்திருக்க வேண்டியது பதினொரு குடும்பம்.

அன்பியத்தின் வருகைப் பதிவேடு ஆறு வருடமாக என் கையில் இருக்கிறது. நான் படித்தது ஐந்தாவது வரை. மீதியை ஞானோபதேசப் புத்தகத்திலும் மளிகைப் பொட்டலம் கட்டி வந்த தாள்களிலும் நானே படித்துக்கொண்டேன். அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு தூத்துக்குடியிலேயே உன்னுடையதுதான் என்று சாமியார் ஒருமுறை சொன்னார். அந்தப் பழக்கத்தில் இந்தச் சொந்த நோட்டிலும் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன்.

எல்லாரும் போனபின் ஈஸ்டர் வரையான தவக்காலத்துக்கு நோட்டில் கோடு போட்டேன். ஐந்து கட்டம்: தேதி, ஒருசந்தி, செபமாலை, வலி, மாதா. வேண்டுதல் கருத்து: மகள் ஜெசிந்தாவுக்கு ஒரு பிள்ளை. அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் முடியப் போகிறது. ஓசூரில் இருக்கிறாள்.

ஒருசந்தி என்றால் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. மத்தியானம் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று திருச்சபை சொல்கிறது. நான் அதை மாலை ஏழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அதுவரை தண்ணீர் மட்டும். ஞாயிறு விலக்கு.

தலைவலி வந்தால் மாத்திரை கிடையாது. வலியை மகளுக்காக ஒப்புக்கொடுத்துவிட்டு மாத்திரை போடுவது, உண்டியலில் போட்டதைக் கையை விட்டு எடுப்பது போல.

மார்ச் 7, வெள்ளி

இருந்தவர்கள்: நான். நாலேகால் மணிக்கு மாதாவும்.

ஒருசந்தி ஆயிற்று. செபமாலை மூன்று. சிலுவைப்பாதைக்குப் போக முடியவில்லை.

மார்ச் 8, சனி

இருந்தவர்கள்: நான்.

நேற்று மாலை ஐந்துக்குத் தொடங்கியது இன்று விடிந்தபின்தான் இறங்கியது. வலது பொட்டு. வாந்தி இரண்டு முறை. ஜன்னலைப் போர்வையால் மூடினேன். லூர்து அக்கா வீட்டு மிக்ஸி ஓடியபோது என் மண்டைக்குள்ளேயே தேங்காய் அரைப்பது போல இருந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்தாயிற்று.

'மாதா' என்ற கட்டம் எதற்கு என்று இந்த நோட்டைத் தவிர வேறெங்கும் சொன்னதில்லை. பதினாலு வயதில் மாதா சிலை வைத்த குகையான கெபிக்கு முன்னால் முழங்காலில் இருந்தபோது முதல் முறை வந்தது. சுரூபத்தின் முகத்தில் ஓரிடம் அழித்துவிட்டது போலிருந்தது. அந்த இடத்தின் ஓரத்தில் வெளிச்சம் கோணல் கோணலாகப் பின்னி, பாதிக் கிரீடம் போல விரிந்து, துடித்துக்கொண்டே பெரிதாகிப் பக்கவாட்டில் போய் மறைந்தது. கண்ணை மூடினாலும் தெரிந்தது. அதன் பிறகு வலி. வந்து போகிறவள் விட்டுப்போகும் காணிக்கைப் பாத்திரம் அந்த வலி என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அடுப்பைவிட்டுத் திரும்பவே இல்லை. "எனக்கும்தான். வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத," என்றாள்.

மார்ச் 10, திங்கள்

இருந்தவர்கள்: நான்.

ஜெசிந்தாவுக்கு மூன்று முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. 'வேலை' என்று ஒரு சொல் அனுப்பினாள்.

அவள் கடைசியாக நீளமாகப் பேசியது போன அக்டோபரில். அவளுக்கும் ஒற்றைத் தலைவலி. கர்ப்பப்பையில் நீர்க்கட்டி, மாதவிலக்கு ஒழுங்கில்லை, உடம்பு போடுகிறது என்று டாக்டரிடம் போயிருந்தாள். டாக்டர் குடும்ப விவரம் கேட்டாராம். அதனால் என்னிடம் இரண்டு கேள்வி. தலைவலிக்கு முன்னால் உனக்குக் கண்ணில் வெளிச்சம் ஏதாவது தெரியுமா? ஆச்சி (என் அம்மா) எப்படிச் செத்தாள்? வெளிச்சமெல்லாம் ஒன்றுமில்லை, ஆச்சிக்கு நெஞ்சடைப்பு என்று சொன்னேன். அதற்கப்புறம் நல்ல செய்தி எப்போது என்று நானாகக் கேட்டேன். போன் வைக்கப்பட்டது.

சாளை மீன் மூன்று ரூபாய் ஏறிவிட்டது. வாங்கவில்லை. எனக்கு மட்டும் எதற்கு.

மார்ச் 12, புதன்

நானும் மாதாவும். வலி பதினாறு மணி நேரம்.

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் பெண்களுக்கான மருத்துவ முகாம். பரிசோதிக்கப்பட்டவர்கள் எழுபத்தி மூன்று பேர். பெயர் எழுதும் மேசையில் என்னை உட்கார வைத்தார்கள். எல்லார் பெயரையும் எழுதிவிட்டுக் கடைசியில் என் பெயரை எழுதினேன். நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் சிஸ்டர் பவுலினே ஊசியோடு வந்துவிட்டாள். சிஸ்டருக்கு வயது முப்பத்தி நாலுதான். ஆனால் டேப்பைக் கையில் எடுத்தால் தையல்காரனைப் போல ஈவு இரக்கமே இல்லை.

எழுதிக் கொடுத்தது: வயது 53. எடை 79 கிலோ. இடுப்புச் சுற்று 101 சென்டிமீட்டர். ரத்த அழுத்தம் 148க்கு 94. வெறும் வயிற்றுச் சர்க்கரை 121. கொழுப்பு நாளை தெரியும்.

லூர்து அக்காவுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, வாசல்வரைக்கும் வந்துவிட்டாய், உள்ளே வா, நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன் என்றாள்.

டாக்டர் ஹேமலதா வெளியூர். வேகமாகப் பேசுகிறவர். அழுத்தத்தைப் பார்த்துவிட்டுத் தலைவலி உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். எத்தனை வருடமாக, எந்தப் பக்கம், வாந்தி உண்டா என்று அடுக்கினார். எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னேன். அப்புறம்தான் அது வந்தது.

"வலிக்கு முன்னாடி கண்ணுல ஏதாச்சும் மினுமினுப்பு, கோணல் கோடு, வெளிச்சம்?"

இல்லை என்றேன். அவர் கட்டத்தில் கோடு போட்டார். நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன். தலைவலி தனி, இடுப்பு தனி, சர்க்கரை தனி என்று பெண்கள் தனித்தனியாக டாக்டரைப் பார்க்கிறார்கள். ஒற்றைத் தலைவலி இருக்கும் பெண்களிடம் இடுப்புச் சதை, சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு இவையும் சேர்ந்தே அதிகம் காணப்படுகின்றன. எது எதைக் கூட்டி வருகிறது என்பது இன்னும் முழுதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலச் சேர்ந்து வருகின்றன. ஆகவே ஒன்று தெரிந்தால் மற்றதையும் பார்த்துவிட வேண்டும். பட்டினி கிடக்காதீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வலி வரும் நாளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எழுதி வைத்துத்தான் இருக்கிறேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்

இருந்தவர்கள்: நான்.

கொழுப்பில் ட்ரைகிளிசரைடு 236. நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டுமாம். சிஸ்டர் பவுலின் சீட்டோடு ஒரு மடிப்புத் தாளும் கொடுத்தாள். ஒற்றைத் தலைவலி பற்றி நாலு பக்கம், தமிழில். முதல் இரண்டு பக்கம் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு படம். கறுப்புக் கட்டத்துக்குள் கோணல் கோணலாக வெளிச்சம், பாதிக் கிரீடம்.

தாளை மடித்துப் பழைய காலண்டருக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பாத்திரம் கழுவினேன். கழுவியதையே இன்னொரு முறை கழுவினேன்.

ஒருசந்தி ஆயிற்று.

மார்ச் 20, வியாழன்

நானும் மாதாவும். வலி இருபது மணி நேரம். பட்டினி கிடக்காதே என்று சொன்ன டாக்டர் நம் கிறிஸ்தவ வேதக்காரர் இல்லையே.

மார்ச் 23, ஞாயிறு

இருந்தவர்கள்: நான், பிற்பகல் பத்து நிமிடம் லூர்து அக்கா.

ஜெசிந்தா அப்பா கப்பலில் இருந்து பேசினார். சரக்குக் கப்பலில் சமையல். பிப்ரவரியில் இறங்க வேண்டியவர். ஒப்பந்தத்தை மேலும் நாலு மாதம் நீட்டியிருக்கிறாராம், கம்பெனி கேட்டதாம். உடம்பு எப்படி என்று கேட்டார், நல்லாயிருக்கு என்றேன். அங்கே மழையா என்று கேட்டேன், இல்லை என்றார். மொத்தம் நாலு நிமிடம்.

லூர்து அக்காவிடம் சொன்னேன். கம்பெனி கேட்காது, ஆள்தான் கேட்டு வாங்க வேண்டும், என் கொழுந்தன் முப்பது வருடம் கப்பலில் இருந்தவன் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாள்.

மாற்றியதும் என் சாப்பாட்டின் மேல்தான் விழுந்தது. என் வீட்டுக் குப்பைக் கூடையில் தேங்காய் பன் காகிதத்தைப் பார்த்திருக்கிறாள். நாளொன்றுக்கு இரண்டு பன், மூன்று கரண்டிச் சீனி போட்ட தேயிலை, அதற்குமேல் சோறு. ஏழு மணிக்குக் கை நடுங்கும்போது வேறென்ன தோன்றும்.

"ஏளா மெற்றில்டா, பகல் பூரா புனிதையா இருந்துட்டு ஏழு மணிக்கு மேல பேக்கரிக்காரனுக்கு வாழ்வு குடுக்க. மோட்சத்துக்குப் போறது நீயா அவனா?"

சிரிப்பு வந்துவிட்டது. இந்த மாதத்தில் முதல் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

மார்ச் 29, சனி

இருந்தவர்கள்: நான்.

மாதக் கடைசி வரப்போகிறதே என்று கூட்டிப் பார்த்தேன். கூட்டாமல் இருந்திருக்கலாம்.

ஒருசந்தி இருந்த நாள் 22. அதில் வலி வந்த நாள் 11. ஞாயிறு மூன்று. மூன்றிலும் வலி இல்லை.

தவறாகக் கூட்டிவிட்டேனோ என்று அலமாரியிலிருந்து பழைய நோட்டுகளை எடுத்தேன். போன வருடத் தவக்காலம்: 12. அதற்கு முந்தியது: 9. அதற்கு முந்தியது: 13. மற்ற மாதங்களில் இரண்டு, மூன்று, ஒரு மாதம் ஒன்றுகூட இல்லை. போன வருட நோட்டில் ஓரமாக என் கையெழுத்தில் ஒரு வரி: 'தவக்காலத்தில் மாதா அதிகம் வருகிறாள்.'

ஆறு வருடம் எழுதினேன். எழுதியதை ஒரு நாளும் பக்கவாட்டில் படித்ததில்லை. மேலிருந்து கீழாகவே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பட்டினி ஒரு கட்டத்தில், வலி இன்னொரு கட்டத்தில். நடுவில் நானே போட்ட கோடு.

அப்படியென்றால் நானே உண்டாக்கிய வலியை நானே காணிக்கையாகக் கொடுத்திருக்கிறேன். கொடுத்தவளுக்குத் தெரியாது. வாங்கியவளுக்குத் தெரிந்திருக்குமே.

மார்ச் 31, திங்கள்

இருந்தவர்கள்: நான்.

பதினாலு வயதிலிருந்து முதல் முறையாகத் தவக்காலத்து வாரநாளில் காலையில் சாப்பிட்டேன். கேப்பைக் கூழ், ஒரு முட்டை. முதல் வாயை விழுங்குவதற்கு முன் மாதா படத்தைத் திரும்பிப் பார்த்தேன். நோயாளிக்கு ஒருசந்தி கடமை இல்லை என்று சிஸ்டர் பவுலின் முகாமிலேயே சொன்னாள். நான் நோயாளி என்று எந்தக் கட்டத்திலும் எழுதவில்லையே.

மத்தியானம் கொஞ்சம் சோறு, நிறையக் கீரை, மீன். பன் இல்லை. மாலையில் கடற்கரைச் சாலையில் அரை மணி நேரம் நடந்தேன். தனியாக நடக்கிறவள் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

வலி இல்லை. மாதா இல்லை.

ஏப்ரல் 9, புதன்

இருந்தவர்கள்: நான்.

பத்து நாள் ஆயிற்று. தலை கழுவிக் கவிழ்த்த பானை மாதிரி சுத்தமாக இருக்கிறது. எடை ஒரு கிலோ குறைந்திருக்கிறது. சிஸ்டர் அழுத்தம் பார்த்தாள், 138. இதையெல்லாம் ஆறு மாதம் பார்க்க வேண்டும், பத்து நாளில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றாள். சந்தோஷப்பட வேண்டிய கணக்கு.

அலமாரி துடைத்தேன். ஜெசிந்தாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களை உறை மாற்றி வைத்தேன். திரைச்சீலை துவைத்தேன். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது.

முன்பெல்லாம் இந்த நேரத்தில் வலியில் படுத்திருப்பேன். படுத்திருக்கும்போது வீட்டில் ஆளில்லை என்று தெரியாது. வலிக்கு முன்னால் அவள் வந்திருப்பாள். வந்துவிட்டுப் போனவளை நினைத்துக்கொண்டே ஒரு நாள் ஓடிவிடும்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் கூழ் காய்ச்சவில்லை. மறந்துவிட்டேன்.

மறக்கவில்லை.

மத்தியானமும் சாப்பிடவில்லை. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரம் வரப்போகிறது, ஒரு நாளாவது முழுதாக இருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாலு மணிக்குப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். செபமாலை சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்து காத்திருந்தேன்.

ஐந்து பத்துக்கு வந்தாள். இந்த முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து முப்பத்திரண்டுக்குப் போனாள். பழைய நோட்டுகளில் நேரம் குறித்த இடமெல்லாம் இருபது, இருபத்திரண்டு, இருபத்தைந்து நிமிடம். மடிப்புத் தாளிலும் அதே நிமிடங்கள் அச்சிட்டிருக்கின்றன. அதைப் படித்தது எனக்கு நினைவிருக்கிறது, இரண்டு பக்கம்தான் படித்தேன் என்று எழுதியிருந்தாலும்.

இருந்தவர்கள்: நான்.

இதற்குமேல் அந்த வரியில் எழுதக் கை வரவில்லை.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

காலைப் பூசையில் இயேசுவின் பாடுகளின் வாசகம் நீளம், நின்று நின்று கால் கடுத்தது. சேவல் கூவுமுன் இயேசுவைத் தெரியாது என்று இராயப்பர் மூன்று முறை மறுதலிக்கிற இடத்தில் செல்வராணி குழந்தை அழுதது. நானே வெளியே தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு ஓலைச் சிலுவை செய்தேன், ஒன்று ஜெசிந்தாவுக்கு.

மூன்று மணிக்கு அவளே பேசினாள். குரல் களைத்திருந்தது. ஜனவரியிலிருந்து ஹார்மோன் மாத்திரை போடுகிறாளாம், மாதவிலக்கை ஒழுங்குபடுத்த. அதற்கப்புறம் தலைவலி கூடியிருக்கிறதாம். போன வியாழக்கிழமை அலுவலகத்தில் வலது கை பத்து நிமிடம் மரத்துப்போய் பேனா விழுந்துவிட்டதாம். அதற்கு முன்னால் கண் முன்னே தண்ணீர் ஆடுவது போல ஓர் ஓரமாக வெளிச்சம் வந்ததாம். கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருப்பதால் இருக்கும் என்றாள். டாக்டரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள்.

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். அவளே கேட்டாள்.

"உனக்கு அப்படி வராதுல்ல யம்மா? உனக்கு வந்திருந்தா வேற. வராதுன்னா கம்ப்யூட்டர்தான்."

"எனக்கு வராது."

"அப்ப சரி."

சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். அது உண்மை.

போன் வைத்தபின் காலண்டருக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்தேன். மூன்றாம் பக்கம், படத்துக்குக் கீழே, தடித்த எழுத்தில்: வலிக்கு முன் இத்தகைய வெளிச்சம் தெரியும் பெண்கள் சில வகை ஹார்மோன் மாத்திரைகளை எடுத்துக்கொண்டால் பக்கவாதத்தின் ஆபத்து கூடலாம். தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ இது உண்டென்றால் டாக்டரிடம் அவசியம் தெரிவிக்க வேண்டும்.

அவள் அக்டோபரில் ஒரு முறை கேட்டாள். டாக்டர் ஹேமலதா ஒரு முறை. இன்று ஒரு முறை. மூன்று. சேவல் எதுவும் கூவவில்லை. லூர்து அக்கா வீட்டு மிக்ஸிதான் ஓடியது.

உடனே திரும்ப அடித்தேன். அணைத்து வைத்திருந்தாள்.

ஏப்ரல் 14, திங்கள்

இருந்தவர்கள்: நான்.

வருடப் பிறப்பு விடுமுறை. மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறாள் போல. காலை எட்டுக்கு, பத்துக்கு, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு அடித்தேன். நாலு மணிக்கு எடுத்தாள். பின்னால் நிறையப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னம்மா அவசரமா என்று கேட்டாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஓலைச் சிலுவை செய்து வைத்திருக்கிறேன் என்று வந்தது.

தபாலில் அனுப்பு என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலை ஒன்பது மணி, பங்கு மருந்தகம். இருந்தவர்கள்: சிஸ்டர் பவுலின், நான்.

மருந்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த ஒருத்தி என்று தொடங்கினேன். சிஸ்டர் என்னைப் பார்த்தாள். நானாக நிறுத்திவிட்டு, எனக்குத்தான் என்றேன். பதினாலு வயது முதல் என்றேன். எழுதியிருந்த ஆறு நோட்டையும் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவள் முழுதாக ஒரு நோட்டைப் படித்தாள். நடுவில் இருமல் மருந்து கேட்டு வந்தவரை உட்கார வைத்துவிட்டுப் படித்தாள். 'மாதா' என்ற கட்டத்தில் விரலை வைத்தாள். சிரிக்கவில்லை. அதற்கு அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஜெசிந்தாவின் மாத்திரையையும் கை மரத்ததையும் சொன்னதும் எழுந்துவிட்டாள். இன்றைக்கே சொல்ல வேண்டும், அவள் இன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டும், அவருக்குத் தெரியாமல் எப்படி மாற்றிக் கொடுப்பார் என்றாள். என் சீட்டிலும் தன் கையாலேயே திருத்தி எழுதினாள். இல்லை என்ற கோட்டை அடித்து, உண்டு.

கிளம்பும்போது கேட்டுவிட்டேன்.

"அப்ப அது மாதா இல்லையா சிஸ்டர்?"

அவள் இருமல் மருந்தை ஊற்றி மூடி போட்டு, வந்தவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"எனக்குத் தெரியலக்கா. ஆனா மாதாவா இருந்தா, பெத்த பிள்ளைகிட்ட மறைச்சு வைன்னு சொல்லியிருக்க மாட்டா."

வழியெல்லாம் வெயில். குடை எடுத்துப் போகவில்லை. வீட்டுக்கு வந்து முதலில் சாப்பிட்டேன். பட்டினியில் எழுதினால் கை நடுங்கும்.

போனில் பேசினால் வாய் மறுபடியும் மாறிவிடும். அதனால் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறேன். அனுப்புவதை இங்கேயும் வரி விடாமல் எழுதி வைக்கிறேன்.

ஜெசிந்தா,

அம்மா எழுதுகிறேன். நீ என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு நான் சொன்ன பதில் பொய்.

எனக்கு வெளிச்சம் வரும். பதினாலு வயதிலிருந்து வருகிறது. கண்ணின் ஓரத்தில் கோணல் கோணலாக ஆடும், இருபது நிமிடம் இருக்கும், பிறகு வலி. உனக்கு வந்தது கம்ப்யூட்டரால் அல்ல என்று நினைக்கிறேன். அது என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கலாம். அதை நான் வேறொன்றாக நினைத்து வைத்திருந்தேன். என்னவென்று நீ வரும்போது சொல்கிறேன். சிரிக்க மாட்டாய் என்றால் சொல்கிறேன்.

ஆச்சிக்கும் வந்தது. ஆச்சி நெஞ்சடைப்பில் சாகவில்லை. நாற்பத்தேழு வயதில் அடுக்களையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது வாய் கோணி, வலது கை விழுந்து, இரண்டு நாளில் போய்விட்டாள். அப்போது அங்கே இருந்தவர்கள்: ஆச்சி, நான். எனக்குப் பதினெட்டு வயது. வாதம் வந்த வீடு என்று தெரிந்தால் பெண் எடுக்க வரமாட்டார்கள் என்று வெளியே நெஞ்சடைப்பு என்று சொன்னார்கள். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படி ஆகிவிட்டது. உன் கல்யாணத்தின்போதும் அதையே சொன்னேன்.

நீ போடும் மாத்திரையின் பெயர் எனக்குத் தெரியாது. அது உனக்கு ஆகாத வகையாக இருக்கலாம். இன்று அடுத்த மாத்திரையைப் போடுமுன் உன் டாக்டருக்குப் போன் செய்து, வெளிச்சம் வருகிறது, கை மரத்தது, அம்மாவுக்கும் வரும், ஆச்சி வாதத்தில் செத்தாள் என்று நாலையும் இதே வரிசையில் சொல். சர்க்கரையும் அழுத்தமும் கொழுப்பும் பார்க்கச் சொல். எனக்கு மூன்றும் கூடுதல், சீட்டைப் படமெடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். கை மறுபடி மரத்தாலோ வாய் குழறினாலோ யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

பட்டினி கிடக்காதே. உனக்காக நான் கிடந்ததும் போதும், நிறுத்திவிட்டேன். பிள்ளை பற்றி இனி நான் கேட்க மாட்டேன்.

என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். அதைப் பிறகு வைத்துக்கொள். இப்போது மணி பன்னிரண்டு நாற்பது. படித்துவிட்டாய் என்று நீலக் கோடு மட்டும் வந்தால் எனக்குப் போதாது. டாக்டரிடம் பேசிவிட்டாயா, அவர் என்ன சொன்னார் என்று இன்றைக்கே பதில் போடு.

அம்மா